ஜார்ஜ் டவுன் செத்துப்போச்சா, இல்ல நாமதான் அங்க குடியிருக்கறத விட்டுட்டமா?

தம்புசெட்டி பேரன்:
ஜார்ஜ் டவுன் பத்தி, அதான் ஹைகோர்ட்டுக்கு எதிர்ல இருக்கற சென்னையோட பழைய யாவார ஏரியா பத்தி, ஒரு ரீல் சுத்திட்டு இருக்கு. "சென்னை மறந்துபோன ஊர்"னு தலைப்பு, ஆர்மீனியன் சர்ச்சு, பின்னாடி சோகமா வயலின். மறந்துபோன ஊராம்ல. அந்த ஆளு சர்ச்ச விட்டு வெளிய வந்து பகல் பதினோரு மணிக்கு அதே தெருவுல நாலடி நேரா நடந்து காட்டட்டும் பாப்போம், மூட்டை இடிக்கும், டிரைசைக்கிள்காரர் கத்துவாரு, பைக் கண்ணாடி முழங்கைல தட்டும். யாவாரம் அங்க என்னிக்குமே படுக்கல. கோடவுன் தெரு துணி, ஆண்டர்சன் தெரு கல்யாணப் பத்திரிகை, தேவராஜ முதலி தெரு கண்ணாடி, காசி செட்டி தெரு ஃபேன்ஸி ஐட்டம், இதுக்கெல்லாம் வெளியூர்லேர்ந்து இன்னிக்கும் ஆள் வந்துட்டுதான் இருக்கு.

படுத்தது குடித்தனம். எங்க தாத்தா காலத்துல கீழ கடை மேல வீடு, மாடியில அப்பளம் காயும், சாயங்காலம் திண்ணைல ஆள் உக்காந்திருக்கும். இப்ப ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் எல்லாம் இறங்கினதும் லிங்கிச் செட்டி தெருவுல ஒரு ஜன்னல்ல கூட லைட் இருக்காது. மேல எல்லாம் குடோன். சரக்கு தூங்குது, ஆள் தூங்கல.

ஒண்ணொண்ணா போனத பாருங்க. கிறிஸ்டியன் காலேஜ் 1937ல தாம்பரம் போச்சு. பச்சையப்பன் காலேஜ் 1940ல சேத்துப்பட்டு. கொத்தவால் சாவடி காய்கறி மார்க்கெட் 1996ல கோயம்பேடு. வெளியூர் பஸ் ஸ்டாண்ட் 2002ல அதே கோயம்பேடு. லா காலேஜ் 2018ல ஊருக்கு வெளிய. ஒவ்வொண்ணுக்கும் நியாயமான காரணம் இருந்துச்சு, நான் இல்லைங்கல, கொத்தவால் சாவடி சேறுல நடந்தவங்க யாரும் அது திரும்ப வரணும்னு கேக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு போனப்போ அந்த எடத்துக்கு வேற என்ன வரணும்னு யாரும் யோசிக்கல. யோசிக்காத எடத்துக்கெல்லாம் குடோன் தானா வந்து உக்காந்துக்கிச்சு.

இப்ப மறுபடி "புத்துயிர்"னு பேச்சு ஓடுது. மெட்ரோ வந்தாச்சு, வட சென்னை வளர்ச்சித் திட்டம்ங்கறாங்க, பிராட்வே பஸ் ஸ்டாண்டையும் குறளகத்தையும் சேத்து பெரிய வளாகம்ங்கறாங்க. எல்லாம் வரட்டும். என் கேள்வி ஒண்ணுதான், இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு குடும்பமாவது அங்க வந்து குடியேறுமா?

மிண்ட் மசாலா:
ப்ரோ கொஞ்சம் ஓவரா சோகமாயிட்டீங்க. மிண்ட் ஸ்ட்ரீட்டுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது. காக்கடா ராம்பிரசாத்ல பாதாம் பால், பக்கத்துல முறுக்கு சாண்ட்விச், அந்தப் பக்கம் சீனா பாய் நெய் இட்லி, பீச் ஸ்டேஷன் பக்கம் போனா அத்தோங்கற பர்மா நூடுல்ஸ். பத்து வருஷம் முன்னாடி எங்க ஏரியா பசங்க (நான் வேளச்சேரி) யாருக்கும் சௌகார்பேட்டை எங்க இருக்குன்னே தெரியாது, இப்ப வாராவாரம் மெட்ரோ புடிச்சு வரானுங்க. 2019ல ஹைகோர்ட் ஸ்டேஷன் தொறந்ததுதான் டர்னிங் பாயிண்ட். இது புத்துயிர் இல்லன்னா வேற எது?

ஏழுகிணறு அக்கா:
தம்பி நீ சாப்புட்டுட்டு கெளம்பிடுவ, அந்த பேப்பர் பிளேட்டு எங்க தெருவுலதான் கெடக்கும் 😄 கோச்சுக்காத, வா, சாப்புடு, ஆனா அதுக்குப் பேரு புத்துயிர் இல்ல.

நான் பொறந்து வளந்ததே ஏழு கிணறு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே தண்ணி குடுத்த ஊரு எங்க ஊரு, 1772ல கேப்டன் பேக்கர்ங்கறவரு போட்ட திட்டம், அந்தக் கிணத்து பக்கத்துல இருந்துக்கிட்டு நாங்க லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்னோம். வள்ளலார் இருந்த வீராசாமி தெரு அங்கதான். அவரு கந்தகோட்டத்துக்கு நடந்தே போவாருன்னு எங்க பாட்டி சொல்லும், நாங்களும் கிருத்திகைக்கு நடந்துதான் போவோம், அது ஒரு பெரிய விஷயமாவே தெரியல அப்போ.

ஏன் கெளம்பினோம்னு கேட்டா பெரிய காரணம் ஒண்ணும் கெடையாது. ஒரே வீட்டுல அஞ்சு குடித்தனம், பொதுக் கக்கூஸ், முத்தத்துல ஒரு குழாய். அண்ணனுங்களுக்கு கல்யாணம் ஆச்சு, படுக்க எடம் இல்ல. ஒருத்தர் கொளத்தூர், ஒருத்தர் மாதவரம், நான் பெரம்பூர். வீட்டுக்காரங்க பூர்வீக வீட்டுக்கு பதினோரு பேரு பங்காளிங்க, யாரும் ஒத்துப்போகல, கடைசில மொத்தமா குடோனுக்கு விட்டுட்டாங்க. குடோன்காரன் கக்கூஸ் கேக்க மாட்டான், தண்ணி வரலன்னு சண்ட போட மாட்டான், நாங்க குடுத்த வாடகைய விட பல மடங்கு குடுப்பான். வீட்டுக்காரங்கள எப்பிடி தப்பு சொல்றது.

கோடவுன்காரன்:
இதோ வந்துட்டாங்க, எல்லாத்துக்கும் குடோன்காரன்தான் வில்லன். நானே பேசறேன்.

எங்களுக்கு அங்க மூணு தலைமுறை கடை. சரக்கு எங்க வெக்கறதுன்னு சொல்லுங்க. மாதவரத்துல மஞ்சம்பாக்கத்துல குடோன் வெச்சுக்கோன்னு ஈசியா சொல்லலாம், வெச்சும் இருக்கோம், ஆனா திருவண்ணாமலைலேர்ந்து வர்ற கஸ்டமர் சாம்பிள் பாத்துட்டு அன்னிக்கு சாயங்காலமே பார்சல் ஆபீஸ்ல சரக்கு ஏறணும்ங்கறாரு. மாடில சரக்கு இருந்தாதான் அந்த யாவாரம். அதுவும் இல்லாம ஒரு தெரு பூரா ஒரே ஐட்டம் விக்கறதுதான் இந்த ஊரோட பலமே, என்கிட்ட இல்லன்னா எதிர்க்கடைல எடுத்துக் குடுப்பேன், கணக்கு சாயங்காலம் பாத்துப்போம். அத பிச்சு நாலா பக்கமும் வீசினா யாவாரம் செத்துடும்.

ஆன்லைன் வந்ததுக்கப்புறம் எங்க நெலமையும் சொல்ற மாதிரி இல்ல. சூரத்காரன் நேரா வாட்சப்புல போட்டோ அனுப்பி விழுப்புரம் கடைக்காரருக்கே சரக்கு போடறான். நடுவுல நாங்க எதுக்குன்னு ஒரு நாள் கேள்வி வரும். அப்ப குடோனும் காலி ஆகும், கவலப்படாதீங்க.

தம்புசெட்டி பேரன்:
அண்ணே உங்கள வில்லன்னு சொல்லல. சொல்லப்போனா நீங்க இருக்கறதாலதான் அந்தக் கட்டடங்க நிக்குது. ஆனா நீங்க கடைசில சொன்னீங்க பாருங்க, ஒரு நாள் குடோனும் காலி ஆகும்னு, எனக்கு பயமே அதுதான். அன்னிக்கு அங்க குடித்தனமும் இல்லாம யாவாரமும் இல்லாம போனா அப்புறம் அந்த ரீல்காரன் சொன்னது நெசமாயிடும்.

வக்கீல் குமாஸ்தா:
பங்காளி சண்டை பத்தி அக்கா சொன்னாங்க, வாடகை சட்டம் பத்தி யாரும் பேசல, அதான் பாதிக் கதை.

1960 வாடகைக் கட்டுப்பாட்டு சட்டம் இருந்த வரைக்கும் பழைய வாடகைதாரர கெளப்பறதுன்னா சாமானியமில்ல, சட்டத்துல சொன்ன காரணங்களுக்குள்ள அடங்கணும், கேஸ் தலைமுறை தாண்டும். வாடகை பழைய காலத்துலயே நின்னுடும். நியாய வாடகைன்னு கோர்ட்டுல போட்டு ஏத்தலாம், அதுக்கும் வருஷக்கணக்கு ஆகும். மாசம் வர்ற வாடகைல ஒரு மூட்ட சுண்ணாம்பு கூட வாங்க முடியாதுன்னா எந்த வீட்டுக்காரன் ரிப்பேர் பண்ணுவான்? வாடகைதாரரும் பண்ண மாட்டாரு, அவரு வீடு இல்லையே. கூரை ஒழுகும், ரெண்டு பேரும் பாத்துட்டே இருப்பாங்க. இடிஞ்சு விழுந்தா வீட்டுக்காரனுக்கு ஒரு வகைல லாபம், கட்டடம் போனா கேஸும் முடியும்னு ஒரு நப்பாசை. இதுல பகடி வேற, அதாவது வாடகை இல்லாம உள்ள வர்றதுக்குன்னு தனியா குடுக்கற காசு. கணக்குல வராத காசு கைமாறி கைமாறி, இப்ப உள்ள இருக்கறவரு யாரு வாடகைதாரருன்னே பல எடத்துல தெரியாது. கோயில் சொத்து டிரஸ்ட் சொத்துன்னா அது தனிப் புராணம், அதுக்கு இன்னொரு இழை வேணும்.

2017ல புது சட்டம் கொண்டு வந்து 2019 பிப்ரவரில அமலுக்கு வந்துச்சு. இப்ப எழுத்து மூலமா ஒப்பந்தம் போட்டு பதியணும், வாடகை ரெண்டு பேரும் பேசிக்கறதுதான். வீட்டுக்காரருக்கு கை கொஞ்சம் மேல வந்திருக்கு. இனிமே ரிப்பேர் பண்ணுவாங்களா இல்ல காலி பண்ணிட்டு இடிப்பாங்களாங்கறதுதான் கேள்வி. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இடிக்கறவங்கதான் ஜாஸ்தி.

பினாங்கு ரிட்டர்ன்:
வக்கீல் சார் சொன்னதுக்கு ஒரு உதாரணம். நான் வேலை பாத்த எடத்துலயும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு, மலேசியாவுல பினாங்குல. அங்கயும் கீழ கடை மேல வீடு, நம்ம சூலியா தெரு ஆளுங்க, சீனாக்காரங்க எல்லாம் கட்டுப்படுத்தின வாடகைல இருந்தாங்க. அந்த வாடகைச் சட்டத்த எடுத்தாங்க, 2000 ஜனவரியோட முடிஞ்சுது. வாடகை சரசரன்னு ஏறி பழைய குடித்தனக்காரங்க கெளம்பிட்டாங்க. 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடம்னு அறிவிச்சாங்க. இன்னிக்கு போனா கட்டடம் எல்லாம் பளபளன்னு இருக்கு, உள்ள பாதி ஹோட்டலு, காபி ஷாப்பு. செவுத்துல படம் வரஞ்சிருக்காங்க, அத போட்டோ எடுக்க க்யூ. அழகா இருக்கு, பொய் சொல்லல. ஆனா செவுத்துல வரஞ்ச புள்ளைங்கதான் தெருவுல வெளையாடுது, நெசப் புள்ளைங்கள காணோம்.

நம்ம ஊர்ல அந்த அளவுக்கு டூரிஸ்ட் வரமாட்டாங்கங்கறது ஒரு பாதுகாப்புன்னு வேணா வெச்சுக்கலாம்.

மண்ணடி பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் ஆளே இல்லாத ஊரு மாதிரி பேசறீங்க, நாங்க எல்லாம் யாரு? மண்ணடில அங்கப்ப நாயக்கன் தெரு பக்கம் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வாங்க. நோன்பு மாசத்துல சஹர் வரைக்கும் தெரு முழிச்சிருக்கும். மஸ்ஜித் மஃமூர் பக்கத்துல, கிட்டங்கி, அதான் குடோன், இருந்த எடத்துலயே இப்ப ஃபிளாட் ஏறியிருக்கு, கீழக்கரை, காயல்பட்டினம்னு வெளியூர் ஆளுங்க குடும்பத்தோட வாடகைக்கு இருக்காங்க. தம்புச் செட்டி தெரு பேரன் பாய்ண்ட் கிழக்கால நாலஞ்சு தெருவுக்கு கரெக்ட், மொத்த டவுனுக்கும் இல்ல.

அதே மாதிரி சௌகார்பேட்டைய பாருங்க. அங்க ஜெயின் குடும்பங்க கெளம்பலயே. பையனுக்கு அண்ணாநகர்ல ஃபிளாட் வாங்கக் காசு இருந்தும் இங்கயே இருக்கறவங்க இருக்காங்க, ஏன்னா கோயில் நடந்து போற தூரம், கடை நடந்து போற தூரம், பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்து சாப்புடணும். பழைய வீட்ட இடிச்சு லிஃப்ட் வெச்சு அஞ்சு மாடி கட்டி மேல மூணு மாடில அண்ணன் தம்பிங்க. அது புத்துயிர் இல்லையா?

தம்புசெட்டி பேரன்:
பாய் நீங்க சொன்னது என் வாதத்தையே திருப்பிப் போடுது, நல்லது. அப்போ விஷயம் இப்பிடி இருக்கு: ஆள் தங்கின தெருவுல பழைய வீடு போயிடுச்சு, பழைய வீடு தங்கின தெருவுல ஆள் போயிட்டாங்க. ரெண்டும் சேந்து இருக்கற தெரு பவளக்காரத் தெரு பக்கம் அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கலாம்.

எனக்கு ரெண்டுல ஒண்ண எடுன்னா ஆளத்தான் எடுப்பேன். இந்த ஊரே ஒரு தடவ இடிச்சுக் கட்டினதுதான? பிரெஞ்சுக்காரன் 1746ல கோட்டையப் புடிச்சான், 1758ல மறுபடி முற்றுகை போட்டான், அந்தக் கலாட்டாவுல கோட்டைய ஒட்டி வடக்கால இருந்த பழைய ஊர மொத்தமா தரைமட்டமாக்கி மைதானமா விட்டாங்க, எதிரி மறஞ்சு வர எடம் இருக்கக்கூடாதுன்னு. இப்ப ஹைகோர்ட் நிக்கற எடம் அது. மைதான எல்லைக்கு நட்ட 1773 கல்லு ஒண்ணு பாரீஸ் கார்னர்ல டேர் ஹவுஸ் பக்கம் இன்னும் நிக்குது, டெய்லி ஆயிரம் பேர் தாண்டிப் போறாங்க. ஊர்க்கோயில் சென்னகேசவப் பெருமாளையே தேவராஜ முதலி தெருவுக்கு மாத்திக் கட்டினாங்க, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்ன நின்னு. கோயில் மாறுச்சு, ஜனமும் கூடவே வந்துச்சு. இன்னிக்கும் திருப்பதிக் குடை அங்கேர்ந்துதான் கெளம்பி யானைகவுனி தாண்டுது.

சுண்ணாம்பு:
கொஞ்சம் நிறுத்துங்க, இடிக்கறதுக்கு பெருமாள சாட்சிக்குக் கூப்புடாதீங்க 🙂 நான் பழைய கட்டடம் ரிப்பேர் பண்ற தொழில்ல இருக்கேன், "இடிச்சாதான் குடித்தனம்"ங்கறது உண்மை இல்ல.

அங்க இருக்கறது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதுமேல சின்ன செங்கல்ல சாய்ச்சு நிக்கவெச்சு சுண்ணாம்புல கட்டி, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் வெல்லத் தண்ணி விட்டு கட்டையால நாள்கணக்கா அடிச்சு, கடைசியா தட்டோடு பதிச்சது. இது தானா விழாது. விழ வெக்கறது மூணு விஷயம். மாடித் தண்ணி போற ஓட்டைய அடைச்சா தண்ணி தேங்கி, உத்தரத்தோட முனை செவுத்துக்குள்ள இருக்கற எடத்துல மக்கிப்போகும், வெளிய பாத்தா மரம் கல்லு மாதிரி இருக்கும். ரெண்டாவது, சுண்ணாம்புச் செவுத்துல சிமெண்ட் பூசறது, ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு செங்கல் மாவாகும். மூணாவது, மன்னிக்கணும் கோடவுன்காரரே, வீட்டுக்குன்னு கட்டின மாடில பேப்பர் கட்டையும் துணி பேலையும் கூரை வரைக்கும் அடுக்கறது. அஞ்சு பேர் குடும்பம் கட்டில் பீரோவோட இருக்கற எடையும் அதுவும் ஒண்ணா?

அதனால குடித்தனம் திரும்ப வந்தா கட்டடத்துக்கும் நல்லதுதான். பாண்டிச்சேரில வைசியாள் வீதில பண்ணிக் காட்டினாங்க, யூரோப்பியன் யூனியன் உதவியோட, தெருவுல வரிசையா வீட்டு முகப்பெல்லாம் சரி பண்ணி, யுனெஸ்கோ விருது கூட 2008ல கெடச்சுது. ஒரு வீட்ட மட்டும் தனியா பண்ணாம தெருவையே எடுத்தாங்க, அதுதான் சூட்சுமம். நம்ம ஊர்ல 2012லயே பாரம்பரிய ஆணைய சட்டம் போட்டாச்சு. ஆனா கோகலே ஹால பாருங்க, ஆர்மீனியன் தெருவுல அன்னி பெசன்ட் 1915ல கட்டினது, ஹோம் ரூல் பேச்சு நடந்த எடம், பாதி இடிச்சு கோர்ட்டு தடை போட்டு அப்பிடியே வானம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. தடை வாங்கறது பெரிய வேலதான், ஆனா தடையால கூரை போட முடியாது.

ஏழுகிணறு அக்கா:
ஒண்ணு கேக்கறேன் யாரும் தப்பா எடுக்காதீங்க. ராத்திரி அங்க யாரும் தூங்கறதில்லன்னு ஆரம்பிச்சீங்க. பிளாட்பாரத்துல தூங்கறவங்கள யாரு கணக்குல எடுக்கறது? பிராட்வே, போஸ் ரோடு, யானைகவுனி பக்கம் தலைமுறையா பிளாட்பாரத்துலயே இருக்கற குடும்பங்க உண்டு, பொண்ணுங்க அங்கயே வயசுக்கு வந்து அங்கயே கல்யாணம் ஆகி. அவங்க ஆம்பளைங்கதான் உங்க மூட்டை தூக்கறாங்க, டிரைசைக்கிள் மிதிக்கறாங்க, பொம்பளைங்க பூ கட்டறாங்க, பாத்திரம் தேய்க்கறாங்க. ஏரியாவ அழகுபடுத்தறோம்னு வந்தா மொதல்ல கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஏத்தி விடறது அவங்களத்தான். அங்கேர்ந்து காலைல லோடுக்கு எப்பிடி வருவாங்க? கொஞ்ச நாள்ல பாதிப் பேரு திரும்பி இங்கயே வந்துடறாங்க.

குடித்தனம் வரணும்னா மொத சாவி அவங்களுக்கு. அவங்கதான் இந்த ஊர்க்காரங்க.

மிண்ட் மசாலா:
அக்கா இது நான் யோசிக்கவே இல்ல. நெசமாவே.

வக்கீல் குமாஸ்தா:
அக்கா சொல்றதுல சட்டப்படி வழி இருக்கு, மனசுதான் இல்ல. சும்மா கெடக்கற அரசு எடம், டிரஸ்ட் எடம் அங்க எத்தனையோ, அதுல சின்னச் சின்னதா வாடகை வீடு கட்டலாம். ஒரே எடத்துல ஆயிரம் வீடு கட்டினாத்தான் திட்டம்னு ஒரு பழக்கம் ஆயிடுச்சு.

இன்னொரு கூட்டமும் இருக்கு. ஹைகோர்ட் ஜூனியர் வக்கீலுங்க. சேம்பர் எல்லாம் தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, ஆர்மீனியன் தெருலதான். கேஸ் கட்டு படிச்சு முடிக்க ராத்திரி பத்தாகுது, அப்புறம் ட்ரெயின் புடிச்சு குரோம்பேட்டை போறானுங்க. மேல் மாடில ஒரு ரூம், ஒழுங்கா பாத்ரூம் இருந்தா நாளைக்கே வந்துடுவானுங்க, பேயிங் கெஸ்ட்டுக்கு குடுக்கற காச இங்கயே குடுப்பானுங்க. பொண்ணுங்களும் வருவாங்க, ஆனா ராத்திரி தெருவுல லைட்டும் ஒரு டீக்கடையும் வேணும்.

கோடவுன்காரன்:
சரி, பேசினது போதும், நான் ஒரு வீட்டுக்காரன்ங்கற மொறைல கேக்கறேன். ஆன்லைன் புண்ணியத்துல என் ரெண்டாவது மாடி பாதி காலி. சுண்ணாம்பு சார் சொல்ற மாதிரி எடைய கொறச்சு ரூம் போட்டு விடறேன்னே வெச்சுக்குவோம். மாடிப்படி எங்க இருக்கு தெரியுமா? கடைக்குள்ள, கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி. ராத்திரி பத்து மணிக்கு வக்கீல் தம்பி வந்தா நான் ஷட்டரத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கணுமா? சாவிய அவன் கைல குடுத்தா என் சரக்குக்கு யாரு பொறுப்பு? பின்பக்கம் வழி கெடையாது, பின் செவுரும் பக்கத்து தெரு வீட்டுக்காரன் செவுரும் முதுகோட முதுகு ஒட்டியிருக்கு. ரெண்டு பக்கமும் அதே கதைதான்.

சுண்ணாம்பு:
இது நெசமான கேள்வி. தொடர்ச்சியா ஒட்டிக் கட்டற ஏரியான்னு சிஎம்டிஏவே (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அத தனியா வெச்சிருக்கு, பக்கத்துல எடம் விட வேண்டாம், அதனால சந்தும் கெடையாது. வழி ஒண்ணுதான், முன்னாடி ஒரு ஓரமா மூணு அடி விட்டு தனிக் கதவு, தனிப் படி. பழைய வீடுங்கள்ல பாத்தா வாசல்லேர்ந்து போற நடை, ரேழிம்பாங்க, அப்பிடித்தான் நேரா உள்ள போகும், கடை அப்புறம்தான் அத முழுங்கியிருக்கு. உங்க வீட்டுலயும் ஒரு பக்கத்து செவுரு ஒல்லியா இருந்தா தட்டிப் பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் ரேழி இருந்திருக்கும்.

கோடவுன்காரன்:
மூணு அடியா! சார் என் கடை முகப்பே பதினோரு அடி. மூணு அடி போச்சுன்னா ஒரு ஷோகேஸ் போச்சு, தீவாளி சீசன்ல அந்த ஷோகேஸ் என்ன ஓட்டும்னு தெரியுமா.

மண்ணடி பாய்:
பக்கத்துக் கடைக்காரரையும் சேத்துக்குங்க பாய். ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரே படி, ஆளுக்கு ஒன்றரை அடி. எங்க தெருவுல ரெண்டு அண்ணன் தம்பி அப்பிடித்தான் போட்டிருக்காங்க.

கோடவுன்காரன்:
பக்கத்துக் கடைக்காரருக்கும் எனக்கும் 2011லேர்ந்து போர்டு வெக்கற தகராறுல பேச்சுவார்த்தை இல்ல.

வக்கீல் குமாஸ்தா:
நான் பேசிப் பாக்கட்டுமா? ஃபீஸ் வேணாம், ஒரு ரூம் ரிசர்வ் பண்ணி வைங்க.